தறிக்கூடத்துக் கணினி ஏன் அணைகிறது? சூட்டையும் மின்கோளாறையும் பிரித்தறியும் முறை

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்திலும், எல்லையைத் தாண்டினால் நகரியிலும், கணக்கு எழுதவும் சேலை டிசைன் போடவும் வைத்திருக்கும் கணினி பல இடங்களில் விசைத்தறிகளுக்கு ஒரு சுவர் தள்ளியே இருக்கிறது. அந்தச் சுவர் பஞ்சையும் தடுப்பதில்லை, மோட்டார் கிளம்பும்போது ஏற்படும் வோல்டேஜ் சரிவையும் தடுப்பதில்லை. ஆகவே வேலை நடுவில் கணினி அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம், மின்சாரம் காரணமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தமிழில் விசாரித்தாலும் தெலுங்கில் விசாரித்தாலும் "கரெண்ட் ப்ராப்ளம்" என்ற ஒரே விடைதான் கிடைக்கும். அதை நம்பி நேராக, கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுவது வீண்செலவில் முடியக்கூடும்.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கணினி அணைந்த நேரம், அப்போது நடந்த வேலை, அந்த நொடியில் தறியோ போர் மோட்டாரோ ஓடத் தொடங்கியதா என்ற மூன்றையும் இரண்டு நாள் குறித்துவர வேண்டும். சூட்டால் அணையும் கணினி பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்: காலையில் ஒழுங்காக ஓடும், உச்சிப்பொழுதில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பதால் மந்தமாகும், ஃபேன் இரையும், அதன் பிறகுதான் அணையும். உடனே போட்டால் சில நிமிடங்களில் மறுபடி அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். மின்கோளாறு இவ்வாறு முன்னறிவிப்பு தருவதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது எனச் சொல்பவர்கள் உண்டு. கணினி முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

அடுத்ததாக எச்.டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் பிராசசரின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரியும், கடும் வேலையில் 80 வரையும் கவலைப்படத் தேவையில்லாதவை. 95-ஐ நெருங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. அறையின் வெப்பம் அப்படியே இதன்மேல் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறையே 40 டிகிரியைத் தொடும்போது, மார்கழியில் 70 காட்டிய அதே கணினி 85 காட்டுவதில் வியப்பில்லை.

இனித் தூசி. பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஊர்களில் பறக்கும் தூசி வெறும் மண்தூசி அன்று. கஞ்சித்தூளும் பஞ்சும் கலந்து, ஈரக்காற்று பட்டதும் கம்பளித் துண்டுபோல் படிந்துவிடும். அது ஃபேனின் மேற்புறத்தில் படிவதைவிட, ஃபேனுக்கும், பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்குக்கும் இடையில்தான் அதிகமாகப் படிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுழலும், அடியில் ஒரு துளிக் காற்றும் நுழையாது. நானே ஒருமுறை மேலோட்டமாக ஊதிவிட்டு, தூசி இல்லை என்று தீர்மானித்து, நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டி அனுப்பினேன். மறுநாளே அந்தக் கணினி திரும்பி வந்தது. ஃபேனைத் தனியாகக் கழற்றியபோது அடை போல ஒரே துண்டாகப் பஞ்சு உரிந்து வந்தது.

ஆகையால் மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கேபினெட்டை முற்றத்துக்கு எடுத்துச் சென்று, ஃபேனைக் கழற்றிய பிறகே புளோயரைப் பிடிக்க வேண்டும். கழற்ற முடியாத ஃபேன்களின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் அது சுழன்றால் பேரிங் கெடுவதோடு, மதர்போர்டுக்குத் தலைகீழாக மின்சாரம் செல்லவும் வாய்ப்புண்டு. ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பிராசசரிலிருந்து ஹீட் சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும். ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் வெப்பநிலை குறையாது. ஆகவே மதர்போர்டின் பின்புறம் திருப்பி நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

வெப்பநிலை ஒழுங்காக இருந்தும் அணைகிறது என்றால், விசாரணையைக் கணினிக்குள் அன்று, சுவரில் தொடங்க வேண்டும். மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏசி நிலையில் வைத்து, தறிகள் ஓடாதபோது ஒருமுறையும், மின்வெட்டு முடிந்து எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது ஒருமுறையும் சாக்கெட்டை அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே இதைச் செய்ய வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுப்பதால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 காட்டலாம். அதைத் தாங்காமல் அணையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பழுதானது என்று சொல்ல முடியாது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் தளர்ந்தால் இதற்கு நேர்மாறாக 300-க்கும் மேல் ஏறி, இருப்பதையெல்லாம் எரித்துவிடும். வோல்டேஜ் ஒரேயடியாக ஏறி இறங்கினால் முதலில் வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. பத்துக்கு மேல் காட்டினால் எர்த்தையும் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்பது பேய்வேலையோ மதர்போர்டு கோளாறோ அன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கண்டென்சர்கள் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவு, எர்த் இல்லாததால் தகரத்தில் நின்றுவிடுகிறது. கோடையில் காய்ந்துபோன எர்த் குழியில் தண்ணீர் ஊற்றியதும் இது நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம். 24 பின் இணைப்பானை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பச்சை வயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்தால் ஃபேன் சுழல வேண்டும். ஆனால் அது சுழல்வதால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று ஆகிவிடாது. பாரமில்லாமல் சுழன்று, பாரம் ஏறியதும் படுத்துவிடுபவை உண்டு. கணினி கடும் வேலையில் இருக்கும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கிறதா என அளப்பதே சரியான சோதனை. இதற்குக் கீழே சரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். அதைத் திறந்து பழுதுபார்க்க முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

புதியது வாங்கும்போது அட்டையில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைவிட, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதையும், உள்வரும் வோல்டேஜ் 100 முதல் 240 வரை என்று இருக்கிறதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டாவது விவரம் இருந்தால், தறிகள் கிளம்பும் நேரத்துச் சரிவை அது பெரும்பாலும் தாங்கிவிடும். மாட்டிய பிறகும் அந்தத் தாளில் இன்னும் இரண்டு நாள் நேரம் குறித்துவிட்டு, அதன் பிறகு பழையதை எடைக்குப் போடலாம்.