மனைப்பிரிவின் பூங்கா இடம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, பாகாயம், அரியூர் என வேலூரைச் சுற்றி வயல்கள் மனைகளாகிக்கொண்டே போகின்றன. மனை வாங்குகிறவர் வாசல் கிழக்குப் பார்த்ததா, தெரு முப்பதடியா, தண்ணீர் எத்தனை அடியில் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார். வரைபடத்தில் பச்சை அடித்திருக்கும் பூங்கா யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. பெரிய தவறு இதுதான்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இது: மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பூங்கா போன்ற திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதி இலவசமாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, இடம் ஒதுக்க வழியில்லையென்றால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். ஆகவே விளம்பரத் தாளில் அச்சிட்ட படத்தை நம்பாதீர்கள். நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தானப் பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. பட்டாவை மாற்றாமல் விட்டால் வருவாய்ப் பதிவேட்டில் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும். ஆண்டுகள் கழித்து வாரிசுகள் வருவார்கள். பூங்கா இடம் "விடுபட்ட மனை"யாக விலைபோகும். பூங்காவின் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். பட்டாவையும் இணையத்திலேயே பார்க்கலாம். உள்ளாட்சியின் பெயர் இல்லையென்றால், ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

காலி இடத்தைக் காலியாகவே விடுவதும் ஆபத்து. முதலில் ஒரு வீட்டுக்காரர் ஒரு லோடு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கொட்டுவார். வீடு முடிந்தும் உடைந்த செங்கல் அங்கேயே கிடக்கும். அதன்மேல் சீமைக்கருவேலம் முளைக்கும். ஓரத்தில் ஒரு கார் கொட்டகை எழும். கேட்கப் போனால் பக்கத்து வீட்டோடு பகை. குடியிருப்போர் சங்கம் முதல் லோடு விழும் அன்றே பேசிவிட வேண்டும்.

பூங்கா இடத்தில் கோயில் எழுப்பும் விஷயத்தில் வாய் திறக்கப் பலருக்கும் தயக்கம். பக்தியோடுதான் பிள்ளையாரை வைக்கிறார்கள்; ஆனாலும் பொது இடத்தில் அனுமதியற்ற வழிபாட்டுத் தலம் எதையும் கட்டவோ கட்ட விடவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் உத்தரவிட்டிருக்கிறது. எந்த மதத்துக்கும் இதே விதி. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததையே அதே நீதிமன்றம் 1991-இல், பெங்களூரு வழக்கொன்றில், செல்லாது என்றது.

பராமரிப்பு என்ற பெயரில் தரை முழுக்க சிமென்ட் கல் பதிப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மழைநீர் இறங்க மண் வேண்டும், தாழ்ந்த மூலையில் ஓர் உறிஞ்சுகுழி வேண்டும். நடைபாதைக்கு மட்டும் கல் போதும். வேம்பும் புங்கனும் நடுங்கள். மழை தொடங்கும்போது நட்டு, முதல் இரண்டு கோடைக்கு எந்த வீடு எந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் என்று அன்றே எழுதி வையுங்கள்.

இடம் உள்ளாட்சியுடையது என்பதால் சங்கம் வேலி போடவும் ஆழ்துளைக் கிணறு தோண்டவும் எழுத்துமூலம் அனுமதி தேவை. பூட்டுப் போட்டு மனைப்பிரிவுக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவும் கூடாது. வெளித்தெருப் பிள்ளைகளும் அங்கே விளையாடலாம்.