தோட்டத்தில் கட்சி அமைப்பாளராக இறங்குவோர் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத் தோட்டமொன்றில் கட்சிக்குப் புதிதாக அமைப்பாளரானவர் முதலில் தேடுவது பேனரும் ஒலிபெருக்கியும்தான். உண்மையில் முதல் வேலை வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். பெப்ரவரி 1இல் வசிக்கும் முகவரியை வைத்தே அந்தந்த ஆண்டுக்கான பதிவு நடக்கிறது. லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இரண்டு மூன்று குடும்பம் இருந்தால், வேறு தோட்டத்திலிருந்து வந்த மருமகளும் புதிதாகப் பதினெட்டு முடிந்த பிள்ளையும்தான் முதலில் விடுபடுவார்கள். தேர்தல் அறிவித்த பிறகு கிராம உத்தியோகத்தரிடம் ஓடிப் பயனில்லை.

அப்பியாசக் கொப்பி ஒன்றில் லயம், காம்பரா வாரியாகப் பெயர்களை எழுதுங்கள். இடாப்பில் பெயர் உண்டா, அடையாள அட்டை உண்டா, ஆள் ஊரிலா கொழும்பிலா என மூன்று நிரல் போதும். அட்டை இலக்கத்தை எழுத வேண்டாம். கொப்பி எவர் கைக்கும் போகலாம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளைத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போதே பார்த்துவிடுங்கள்.

காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் நோட்டீஸ் நீட்டுவது அடுத்த தவறு. வேலை நேரத்தில் நிர்வாகத்தோடு முறுகல் வரும், வாங்குபவருக்கும் படிக்க நேரமிருக்காது. மாலை கொழுந்து நிறுவை முடிந்து, வீட்டில் அடுப்பு வேலையும் அடங்கிய பிறகு போங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு போனால் பாதி லயம் டவுனில் இருக்கும்.

"அவங்க அந்தச் சங்கம்" என்று ஒரு வீட்டைத் தாண்டிப் போவது பெரிய நட்டம். சந்தா ஒரு தொழிற்சங்கத்துக்கும் வாக்கு வேறு கட்சிக்கும் போவது மலையகத்தில் புதிதல்ல. தோட்டத் தலைவர் எந்தச் சங்கமானாலும் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாதர் சங்கத் தலைவியிடமும்தான். பல லயங்களில் அவர் பேச்சுக்கே கனம் அதிகம்.

ஆதரவு குறைந்த டிவிசனை (தோட்டப் பிரிவை) கைவிடுவதும் கணக்குத் தெரியாத வேலை. உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரப்படியும் வருகிறார்கள். வட்டாரத்தில் தோற்றாலும் அங்கு விழுந்த வாக்குகள் சபையின் மொத்தக் கணக்கில் சேரும்.

பிரதேச சபைக்கு நிற்பவர் வீடும் காணி உறுதியும் தருவார் என்று சொல்லாதீர்கள். சபையின் கையில் உள்ள பாதை, வடிகான், தெருவிளக்கு, குப்பை பற்றிப் பேசுங்கள். தோட்டத்துக்குள் சபை செலவு செய்ய முடியாது என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது.

அதிகம் வாக்கு கெடுவது அடையாளமிடும் குழப்பத்தால். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X), பிறகு மூன்று வேட்பாளர் இலக்கங்கள் வரை விருப்பு வாக்கு. நான்கில் போட்டால் விருப்பு வாக்கு கெடும், கட்சி வாக்கு நிற்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் எல்லாமே போச்சு. பிரதேச சபைக்கு ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. ஜனாதிபதித் தேர்தலில் விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று இடலாம். மூன்றையும் ஒரே கூட்டத்தில் விளக்காதீர்கள், வரப்போகும் தேர்தலை மட்டும் எடுங்கள். மாதிரிச் சீட்டை வயதானவர்கள் கையிலேயே கொடுத்துப் புள்ளடி போடச் சொல்லுங்கள். தலையாட்டுவதை நம்ப வேண்டாம்.

வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் பிரசாரம் கூடாது. வாக்களிப்பு நாளன்று மேல்டிவிசனிலிருந்து வாக்காளரை லொறியில் ஏற்றிவருவதும் குற்றம். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை முந்தின வாரமே வீட்டுக்கு வீடு சொல்லி வையுங்கள்.