எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்

கோவில்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும்தான் என் தொழில். ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஒரு லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, ரொம்ப ஸ்லோவா இருக்கு. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரட்டுமா?" என்று கேட்கிறார்கள். பாதிக்கு மேல் மூடியில் அரசு முத்திரை போட்ட விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியது தம்பிக்கு வந்து, தங்கைக்கு வந்து, இப்போது பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடக்கும்.

பொங்கல் முடிந்த வாரம் பக்கத்துத் தெரு தையல்காரரின் மகள் அப்படித்தான் வந்தாள். நர்சிங் இரண்டாம் வருடம். அண்ணன் 2014-இல் வாங்கிய லேப்டாப். ஒரு சர்வீஸ் கடையில் மதர்போர்டு வீக் என்று சொல்லி, 38,000 ரூபாய்க்குப் புதுசு காட்டியிருக்கிறார்கள். அப்பா சீட்டை முன்கூட்டியே எடுக்கக் கிளம்பிவிட்டார். அந்த லேப்டாப் இப்போதும் ஓடுகிறது. செலவு 2,000 ரூபாயைத் தாண்டவில்லை. அவளோடு உட்கார்ந்து என்ன செய்தேனோ அதையே இங்கே எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துங்கள். அவளுடையது டெஸ்க்டாப் வர 4 நிமிடம் 10 விநாடி எடுத்தது. பிரவுசர் திறக்க இன்னொரு ஒன்றரை நிமிடம். வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். அவளுடையதில் பிராசஸர் (கணக்குப் போடும் மூளை) 9 சதவீதம், டிஸ்க் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) 100 சதவீதம் என்று காட்டியது. அதாவது பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க்கு மூச்சு வாங்குகிறது. என் கடைக்கு வரும் பத்தில் எட்டு லேப்டாப்புக்கு இதே கதைதான்.

காரணம் எளிது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கிறது. கல்யாணப் பந்தியில் நூறு இலைக்கும் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடினால் எப்படி இருக்கும்? வரிசையாக ஊற்றினால் சமாளிப்பார். ஒருவர் இந்தக் கோடியிலும் இன்னொருவர் அந்தக் கோடியிலும் கூப்பிட்டால் ஓட்டத்திலேயே நேரம் போய்விடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை அங்கங்கே இருந்து கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கால் விநாடிக்கு நூறு தடவை ஓடுவதே கஷ்டம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சிப் வகைச் சேமிப்பில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதனால் அதே வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறது. பிராசஸர் ஐ3-யா, அதைவிட வேகமான ஐ5-ஆ என்று நாளெல்லாம் வாதம் நடக்கும். பழைய ஐ3-இல் எஸ்எஸ்டி போட்டால், ஹார்ட் டிஸ்க் வைத்த ஐ5-ஐவிட அன்றாட வேலைக்கு வேகமாக இருக்கும். இதை என் கடை மேஜையிலேயே பல தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

டாஸ்க் மேனேஜரிலேயே மெமரி பகுதியையும் பார்த்துவிடுங்கள். எத்தனை ஜிபி, மெமரி அட்டை செருகும் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிறைந்திருக்கிறது, வேகம் என்ன என்று மூன்றும் இருக்கும். வேகம் 1600 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் டிடிஆர்3 வகை. 2133 அல்லது அதற்கு மேல் என்றால் டிடிஆர்4. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. டிடிஆர்3-இலேயே குறைந்த வோல்டேஜில் ஓடும் டிடிஆர்3எல் என்று ஒன்று உண்டு. அதனால் உள்ளே இருக்கும் பழைய மெமரி அட்டையை, அதாவது ரேமைக் கையில் எடுத்துப்போய், அதன் ஸ்டிக்கரைக் காட்டி வாங்குவதுதான் நல்லது. அவளுடையதில் 2 ஜிபி மட்டும் இருந்தது, ஒரு ஸ்லாட் காலி. உதிரிக்கு வைத்திருந்த 4 ஜிபி ஒன்றைப் போட்டேன். மொத்தம் 6 ஆனது. இன்றைய பிரவுசருக்கு 4 ஜிபி இழுபறிதான். 8 இருந்தால் நிம்மதி.

அடுத்தது பேக்கப். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் முழுசாக ஒரு பென் டிரைவில் போடுங்கள். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் ஸ்கேன், ஹால் டிக்கெட் எல்லாம் டவுன்லோட்ஸில்தான் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துரு வைத்து டைப் செய்தவர்கள் அந்த ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் தமிழ் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் வேறு எதையும் செய்யாமல், முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள். அந்தச் சத்தம் வந்த டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

வாங்க வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது பழைய டிஸ்க்கும் மாட்டியிருக்கும் அதே இணைப்பு வகை). 240 அல்லது 256 ஜிபி படிப்புக்கும் வீட்டுக்கும் போதும். விலை ஏறி இறங்குகிறது, வாங்கும் அன்றைக்கு இரண்டு கடையில் கேளுங்கள். பில்லோடு, மூன்று வருட வாரண்டியோடு வாங்குங்கள். ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 900 ரூபாய் என்று வந்தால் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை ஒட்டி, அளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். கொஞ்ச நாள் ஃபைல் ஏறுவது போலவே இருக்கும், பிறகு எதுவும் திறக்காது.

இனி திறப்பது. ஆனால் முதலில் கடைசிவரை படித்து, கீழே சொல்லும் மின்ட் பென் டிரைவைத் தயார் செய்த பிறகு திறங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடியில் தாழ்ப்பாள் வைத்த பேட்டரி என்றால் கழற்றி எடுத்துவிடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் ஒயரைப் பிடுங்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், வேலையை நிறுத்திவிட்டு அதை மாற்றுகிற வழியைப் பாருங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும்.

ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் பெட்டியாக வரையுங்கள். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படத்தில் அதே இடத்தில் செலோ டேப்பால் ஒட்டுங்கள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீள ஸ்க்ரூவைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் அது கீபோர்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பழைய லேப்டாப் பலவற்றில் டிஸ்குக்கென்று தனி மூடி உண்டு, ஒன்றிரண்டு ஸ்க்ரூதான். உள்ளே டிஸ்க் ஒரு மெல்லிய இரும்புத் தொட்டிலில் உட்கார்ந்திருக்கும். அதை மேலே தூக்காதீர்கள். கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். தொட்டிலின் பக்கத்தில் உள்ள நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியை வையுங்கள். எழுத்துள்ள பக்கம் பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே. அவள் எஸ்எஸ்டியைக் கையில் வாங்கியதும், "உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கேக்கா" என்றாள். எடை அவ்வளவு குறைவு. தடிமனும் குறைவு: பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர், இது 7. தொட்டில் இல்லாத மாடலில் ஆடாமல் இருக்க, கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள்.

திறந்த கையோடு சின்ன பிரஷ்ஷால் ஃபேன் தூசியையும் தட்டிவிடுங்கள்.

சரி, உள்ளே எந்தச் சிஸ்டம் போடுவது? பெரிய வாதமே இங்கேதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டில் பயன்படுத்துபவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேலான பிராசஸர் வேண்டும். 2014 லேப்டாப் அதில் சேராது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட்டே உறுதி சொல்லவில்லை. அதனால் பிறர் வீட்டு லேப்டாப்பில் நான் அதைச் செய்வதில்லை.

கணக்கு எழுத டேலி ஓட்டுபவர்களும், பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பவர்களும் விண்டோஸிலேயே இருங்கள். என் கடையிலும் பத்திரிகை வேலைக்கு ஒரு விண்டோஸ் மெஷின் தனியாக உண்டு. பிரவுசர், பாடக் குறிப்பு, அசைன்மென்ட், வீடியோ இவைதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற சிஸ்டத்தைப் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். காசு கிடையாது, இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. லினக்ஸ் என்றால் பயப்படுகிறார்கள். அந்த அரசு மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் செய்தது. தொடங்கும்போது இரண்டில் எது என்று கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் பிள்ளைகள் அதைத் தொடவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

டிஸ்க்கைக் கழற்றும் முன்பே, பழைய விண்டோஸில் இதைச் செய்துகொள்ளுங்கள்: மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்குங்கள், மூன்று ஜிபி அளவில் இருக்கும். 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, 8 என்றால் சின்னமன். ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும், அதனால் பேக்கப் எடுத்த பென் டிரைவ் இதுவாக இருக்கக் கூடாது.

எஸ்எஸ்டி போட்டு மூடிய பின், பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில மாடலில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், எதையும் ஏற்றாமலே மின்ட் திறக்கும். அங்கேயே வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இன்டர்நெட்டைப் பகிர்வது) கொடுத்து, பின்னர் டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றலாம்.

அவளுடையதில் வேறொரு சிக்கல். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று மறித்தது. மூலையில் தேதியைப் பார்த்தால் 2014. மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் சான்றிதழ் செல்லாதது போலத் தெரியும், அவ்வளவுதான். "மதர்போர்டு வீக்" என்றது இதைப் பார்த்துத்தானோ என்னவோ.

எல்லாம் சரியாக இருந்தால் டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் படத்தைத் தட்டுங்கள். மல்டிமீடியா கோடெக் என்று கேட்கும் இடத்தில் டிக் போடுங்கள் (பாட்டும் வீடியோவும் ஓட அது வேண்டும்), ஊர் கேட்டால் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள், இந்திய நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கும். டிஸ்க்கை அழிக்கவா என்று கேட்கும்போது பயம் வேண்டாம், அது புது எஸ்எஸ்டி, பழைய டிஸ்க் உங்கள் மேஜையில் பத்திரமாக இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்தது. அடுத்து அப்டேட் மேனேஜரை ஒரு முறை ஓட்டி, டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டால் அந்த நிலைக்குத் திரும்பலாம்.

தமிழ் டைப்பிங்கைத்தான் நிறையப் பேர் தவறாக அமைத்துவிட்டுத் திட்டுகிறார்கள். நான் இங்கே சொல்வது தமிழ்99 என்ற விசைப்பலகை முறை. கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று தெரிவதைச் சேர்க்காதீர்கள். அது விசைகளை மட்டும்தான் மாற்றும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐ, பி, யு, எஸ், ஒரு சின்னக் கோடு, எம், 1, 7, என் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடி, அதை நிறுவுங்கள். இன்புட் மெத்தடில் ஐபஸ் என்பதைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து உள்ளே வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். இப்போது அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு தட்டுங்கள். அம்மா என்று வரும். இரண்டு ம வந்ததும் முதல் ம-வுக்குப் புள்ளி தானாகவே விழுகிறது. ந, த என்று தட்டினால் ந்த. தமிழ்99-இன் சுகமே இதுதான். அவள் ஒரு வாரத்தில் பார்க்காமல் அடிக்கப் பழகிவிட்டாள்.

பிரிண்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸில் டிரைவர் சரியாகக் கிடையாது. மின்ட் பென் டிரைவில் ஓடும்போதே இணைத்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியில் அவளே ஸ்டாப்வாட்சைப் பிடித்தாள். 31 விநாடி.

கழற்றிய பழைய டிஸ்க்கை இரண்டு மாதமாவது தொடாமல், தேதி எழுதி ஒட்டி வையுங்கள். மறந்த ஃபைல் ஏதாவது ஞாபகத்துக்கு வரும். அதன் பிறகு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி மாட்டினால் படங்களின் இரண்டாவது பிரதியை வைக்க ஆகும். முழுதாக அழிக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். தையல்காரர் மகளின் டிஸ்க்கை மாசிக் கடைசியில் கேஸில் போட்டுத் திறந்தோம். அண்ணனின் பிளஸ் டூ சுற்றுலாப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நாலைந்து படத்தை அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: "ஏய், அந்த லேப்டாப் இன்னும் இருக்கா?"