இன்ஃபிமத்துல நான் பண்ணின அதே தப்ப நீங்களும் பண்ணாதீங்க

கொஞ்ச நாளா ரியல் அனாலிசிஸ் (கால்குலஸ கறாரா நிரூபிக்கிற கணக்குப் பாடம்) புதுசா படிக்கிறவங்க எழுதுற ப்ரூஃப் பாத்துட்டு இருக்கேன், நான் எங்க விழுந்தேனோ கரெக்டா அங்கயே விழுறாங்க. இன்ஃபிமம்னா ஒரு செட்டோட லோயர் பவுண்டுகள்லயே (செட்டுல எதையும் விடப் பெரிசா இல்லாத நம்பர்கள்) பெரிசு; சுப்ரீமம் அதுக்கு நேர்மாறா மேல் பக்கம். 1, 1/2, 1/3-ன்னு போற செட்டுக்கு இன்ஃபிமம் 0, அது செட்டுக்குள்ள இல்லங்கறதெல்லாம் தெரிஞ்சதுதான், அத விட்டுடுறேன்.

கூட்டலுக்குள்ள இன்ஃபிமத்த பிரிக்கிறது

இதுல ஒண்ணு அதுல ஒண்ணுன்னு எல்லா ஜோடியையும் எடுத்து ரெண்டு செட்ட கூட்டினா இன்ஃபிமத்தையும் கூட்டிக்கலாம், தப்பில்ல. ஃபங்ஷனுக்கு அப்படி பண்ணக்கூடாது. 0-லேருந்து 1 வரைக்கும் எக்ஸ்னு ஒண்ணு, 1 − எக்ஸ்னு இன்னொண்ணு எடுங்க. தனித்தனியா ரெண்டுக்கும் இன்ஃபிமம் 0. கூட்டினா எங்க பாத்தாலும் 1, அப்போ இன்ஃபிமமும் 1. ஒண்ணு கீழ எறங்குற எடத்துல இன்னொண்ணு மேல நிக்குது, ரெண்டும் ஒரே புள்ளியில மாட்டிக்கிட்டிருக்கு, செட்டுல இருந்த சுதந்திரம் இங்க இல்ல. அதனால கூட்டலோட இன்ஃபிமம் ≥ இன்ஃபிமங்களோட கூட்டல்னு மட்டும்தான் கெடைக்கும், = வரும்னு உறுதி இல்ல.

ரெண்டு ஃபங்ஷனோட கூட்டலுக்கு ரீமான் இன்டக்ரலும் கூட்டல்தான்னு நிரூபிக்கச் சொன்ன ஒரு பரீட்சையில நான் ஒவ்வொரு துண்டுலயும் = போட்டு லோயர் சம்ம (இடைவெளிய துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டோட நீளத்தையும் அங்க ஃபங்ஷனோட இன்ஃபிமத்தால பெருக்கிக் கூட்டுறது; சுப்ரீமத்தால பெருக்கினா அப்பர் சம்) பிரிச்சு அரைப் பக்கத்துல முடிச்சிட்டேன். வாத்தியார் அந்த = மேல வட்டம் போட்டு கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு: "இதுல இன்டக்ரபிள்ங்கறத எங்கப்பா யூஸ் பண்ணின?" இன்டக்ரபிள்னா லோயர் இன்டக்ரலும் (லோயர் சம்களோட சுப்ரீமம்) அப்பர் இன்டக்ரலும் (அப்பர் சம்களோட இன்ஃபிமம்) ஒண்ணா இருக்கறது; அத நான் எங்கயுமே யூஸ் பண்ணல. 0-லேருந்து 1 வரைக்கும், விகிதமுறு எண்ணுல 1, மத்ததுல 0-ன்னு ஒரு ஃபங்ஷன், அத அப்படியே திருப்பிப் போட்டு இன்னொண்ணு. ரெண்டுக்கும் லோயர் இன்டக்ரல் 0, கூட்டினா 1. என் ப்ரூஃப் சரின்னா 0 = 1 ஆயிருக்கும்! மொத்த மார்க்கும் போச்சு, இன்னைக்கும் யாராவது அந்த = போட்டா எனக்கு எரிச்சல் வருது.

இன்ஃபிமத்துக்கு ≥, சுப்ரீமத்துக்கு ≤, இந்த ரெண்டையும் எழுதிட்டு, இன்டக்ரபிள்ங்கறதால லோயரும் அப்பரும் ஒண்ணுதான்னு சொல்லி நடுவுல நெருக்குங்க, = தானா வரும்.

லோயர் பவுண்ட்னு காட்டிட்டு நிறுத்துறது

அது பாதி வேலைதான். அந்த லோயர் பவுண்டோட எப்சிலான்னு ஒரு பாசிட்டிவ் நம்பர எவ்ளோ சின்னதா சேத்தாலும், வர்ற நம்பருக்குக் கீழ செட்டுல ஒரு ஆள் இருக்கணும், அந்த ஆள புடிச்சு காட்டுங்க.

> அப்படியே நிக்கும்னு நம்புறது

எல்லாம் 0-க்கு மேலன்னா இன்ஃபிமம் ≥ 0, அவ்ளோதான்.

மைனஸால பெருக்கிட்டு மறந்துடுறது

இன்ஃபிமம் சுப்ரீமமா மாறிடும்.

காலி செட்

காலி இல்லன்னு முதல் வரியிலயே எழுதிடுங்க.