'லாம்' என்றால் கேன்-ஆ, மே-வா?

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். ஆங்கிலத்தில் 'முடியும்', 'வேண்டும்', 'லாம்' போன்ற பொருளைத் தர வினைச்சொல்லுக்கு முன்னால் வரும் துணைவினைகளில் (modal verbs) முக்கியமானவை இந்த 9 தான். (குட் என்றால் 'நல்லது' இல்லை, கேனுடைய தம்பி.) இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பேசும்போது கை கொடுக்காது. நம் தமிழ் வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் எளிது.

படி 1: இவற்றுக்குப் பின்னால் வினைச்சொல் மொட்டையாக வர வேண்டும். 'ஷீ கேன் ஸ்விம்' சரி. 'ஷீ கேன் ஸ்விம்ஸ்', 'ஷீ கேன் டு ஸ்விம்' இரண்டும் தவறு. கேள்வி கேட்க 'டஸ்' வேண்டாம், இடம் மாற்றினால் போதும்: 'கேன் ஷீ ஸ்விம்?'

படி 2: சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லி, முடிவைக் கவனியுங்கள். 'முடியும்' என்றால் கேன். 'வேண்டும்' என்றால் மஸ்ட். அறிவுரை என்றால் ஷுட். 'லாம்' வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். 'நீ போகலாம்' அனுமதி: யூ கேன் கோ, மரியாதையாக யூ மே கோ. 'இன்று மழை வரலாம்' ஊகம்: இட் மைட் ரெயின் டுடே. இங்கே கேன் பொருந்தாது. 'போகலாமா?' என்று சேர்ந்து கிளம்பக் கேட்டால்: ஷல் வி கோ?

படி 3: எதிர்மறை. நான் வழுக்கி விழுந்த இடம் இது. மஸ்ட் என்றால் 'வேண்டும்', அப்படியானால் மஸ்ட் நாட் என்றால் 'வேண்டியதில்லை' என்று நினைத்திருந்தேன். நண்பருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமே என்று 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதினேன். அவர் படித்தது, 'நீ வரவே கூடாது'! மஸ்ட் நாட் என்பது 'கூடாது'. 'வேண்டியதில்லை' என்பதற்கு 'யூ டோன்ட் ஹாவ் டு கம்'.

படி 4: 'அவன் வந்திருக்கலாம்'. தமிழில் இதற்கு இரண்டு பொருள். வந்தானா இல்லையா என்று தெரியாமல் சொன்னால், ஹி மே ஹாவ் கம். வரவில்லை என்று தெரிந்தே குறைப்பட்டுக்கொண்டால், ஹி குட் ஹாவ் கம். பேச்சில் இந்த 'ஹாவ்' தேய்ந்து 'அவ்' என்றுதான் காதில் விழும். அதை நம்பிச் சிலர் 'ஆஃப்' (of) என்று எழுதிவிடுகிறார்கள். 'ஹி' இருக்கிறதே என்று 'ஹாஸ்' போடுவதும் தவறு. அந்த மொட்டை விதி இங்கேயும் உண்டு.