ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: காசைக் கரைக்கும் தவறுகள்

ஜப்பான் ஏலத்தில் ஒரு பழைய ஸ்கைலைன் ஜிடி-ஆரையோ ஆர்எக்ஸ்-7-ஐயோ எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் அடி வாங்குகிறார்கள். நாங்களும் ஆரம்பத்தில் அடி வாங்கிய இடங்கள்தான் அவை. ஸ்டியரிங் வலது பக்கம், மீட்டர் கிலோமீட்டரில் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். பணம் போகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

மாடல் வருஷத்தை நம்பிக் கப்பல் ஏற்றுவது

25 ஆண்டு நிறைந்த வண்டி அமெரிக்கப் பாதுகாப்புத் தரங்களுக்கு இணங்கியிருக்க வேண்டியதில்லை. எல்லோரும் அறிந்த விதி. அந்த 25 ஆண்டை எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் சறுக்குகிறார்கள். வண்டி தயாரான தேதியிலிருந்து, மாதம் பார்த்து எண்ணுகிறார்கள். மாடல் வருஷம் கணக்கிலேயே வராது. 2001 டிசம்பரில் தயாரான ஆர்34 (ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஒரு தலைமுறை), 2026 டிசம்பரில்தான் தகுதி பெறும். "2001 மாடல்தானே, 2026 பிறந்துவிட்டதே" என்று பிப்ரவரியில் இறக்கினால் வண்டி துறைமுகத்திலேயே நிற்கும். சொந்தச் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். அதுவரை நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.

விடை வாங்கியவர் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சல் வருகிறது. ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் முதல் பதிவு மாதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் "ஹெய்செய் 13, 12-ஆம் மாதம்" என்று அரச சகாப்தக் கணக்கில் போட்டிருக்கும். ஹெய்செய் எண்ணோடு 1988-ஐக் கூட்டினால் 2001. ஹெய்செய் 1989-இல் தொடங்கியது என்று படித்துவிட்டு 1989-ஐக் கூட்டி, ஒரு வருஷத்தை வீணாகக் காத்துக் கழித்தவர்களும் உண்டு. ஏலத் தாளில் தெரியும் வருஷமும் இதே முதல் பதிவு வருஷம்தான், தயாரிப்பு வருஷம் அல்ல.

வண்டி தயாரான பிறகுதான் பதிவாகும். ஆகவே முதல் பதிவு மாதத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை. தயாரிப்பு மாதம் அதற்கும் முந்தியது, சீக்கிரம் இறக்கலாம் என்று வாதிட வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். தயாரிப்பாளர் நிரந்தரமாகப் பதித்த லேபிள், முதல் விற்பனை ரசீது, 25 ஆண்டுக்கு முந்தைய பதிவுப் பத்திரம், இவை செல்லும். ஜப்பான் சந்தைக்கான நிசானின் எஞ்சின் அறைத் தகட்டில் மாடல் குறியீடும் சேஸிஸ் எண்ணும் பெயின்ட் எண்ணும் இருக்குமே தவிர, தேதி இருக்காது. சீட் பெல்ட் நாடாவின் அடியில் தைத்திருக்கும் தேதியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அது பெல்ட்டின் தேதி. நாளைக்கே வேறு வண்டியின் பெல்ட்டை மாட்டலாம் என்பதால் அதை ஆதாரமாக வைக்கவே கூடாது.

தகுதி மாதம் நெருங்க நெருங்க விலை ஏறும். அதனால் ஒரு வருஷம் முன்பே வாங்கி ஜப்பானிலேயே நிறுத்தி வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிய கையோடு ஏற்றுமதிச் சான்றிதழ் எடுத்துவிடாதீர்கள், அதன் ஆயுள் 6 மாதம்தான். அதற்குள் வண்டி நாட்டை விட்டுப் போகாவிட்டால் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு நீக்கம் மட்டும் செய்யச் சொல்லுங்கள், ஏற்றுமதித் தாளைக் கப்பல் முன்பதிவின்போது எடுக்கலாம். நிறுத்தி வைப்பவரிடம் மாதம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் டயர் தட்டையாகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். கப்பல் தகுதி மாதம் முடிந்து அடுத்த மாதத்தில் கரை தொடும்படி தேதி குறியுங்கள்.

கிரேடை மட்டும் பார்ப்பது

ஏலத் தாளின் மேல் மூலையில் 4 என்றோ 4.5 என்றோ இருக்கும் கிரேடு எண்ணைப் பார்த்து விலை கேட்கிறார்கள். அந்தத் தாளில் படிக்க வேண்டியது கீழே உள்ள கார் படம். ஏ என்றால் கீறல், யு என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்த அலை, எஸ் துரு, சி அரித்த துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம். கூடவரும் எண் கூடக் கூடச் சேதம் அதிகம். கிரேடு இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்துப் பழுது பார்த்த வண்டி. ஆர்34-இல் முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் மேல்பகுதியும் கதவுக்கு அடியில் ஓடும் சில் (sill) பகுதியின் உட்புறமும் துருவுக்குப் பேர்போனவை. ஹொக்கைடோ போல் பனிக்குச் சாலையில் உப்புத் தூவும் பகுதியிலிருந்து வரும் வண்டியென்றால், லிஃப்டில் தூக்கி அடிப்பக்கப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் ஏலத்தில் கை தூக்க வேண்டாம்.

எஞ்சின் மாற்றிய வண்டி

பாதுகாப்பு விதி 25 ஆண்டு, புகை விதி 21 ஆண்டு. முதலாவதைத் தாண்டினால் இரண்டாவதும் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அந்த 21 ஆண்டு விலக்கு ஒரிஜினல் அமைப்பில் உள்ள வண்டிக்குத்தான். எஞ்சின் மாற்றியிருந்தால், உள்ளே இருப்பது அமெரிக்கச் சான்று பெற்ற சமமான அல்லது புதிய எஞ்சினாக இருந்தாலொழிய விலக்கு இல்லை. ஆகவே பணம் கட்டும் முன் எஞ்சின் குறியீட்டின் படத்தைக் கேளுங்கள். சுங்கத்தில் பாதுகாப்புக்கு எச்எஸ்-7, புகைக்கு 3520-1 என இரண்டு தனிப் படிவங்கள், இரண்டும் நிறைவேற வேண்டும்.

கப்பல் கட்டணத்தை விலையோடு சேர்த்து எழுதிய ரசீது

அமெரிக்கச் சுங்கம் வண்டி விலைக்குத்தான், கடல் கட்டணத்துக்கு இல்லை. ரசீதில் இரண்டையும் தனித்தனியே போடச் சொல்லுங்கள், மொத்தமாக இருந்தால் மொத்தத்துக்கும் வரி விழும். காருக்கு அடிப்படை வரி 2.5 சதவீதம். 2025 முதல் கூடுதல் வரிகள் மாறிக்கொண்டிருப்பதால் கப்பல் ஏறும் வாரத்தில் சுங்க முகவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இறக்குமதி முன்னறிவிப்பு

இந்த அறிவிப்பு, கன்டெய்னர் கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்துறையில் தாக்கலாக வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். ஏற்றுமதியாளர் பார்த்துக்கொள்வார் என்று இருக்க வேண்டாம், பொறுப்பு இறக்குமதி செய்பவருடையது.

அடியில் மண்

நீராவியில் கழுவி அனுப்பச் சொல்லுங்கள்.

மாநிலத்தைக் கடைசியில் யோசிப்பது

துறைமுகத்தை விட்டு வெளியே வந்தாலே வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1976 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய வண்டிக்கும் மாநிலப் புகைச் சான்று தனியாக வேண்டும். ஆய்வகத்தில் மாற்றியமைத்துச் சோதிக்கும் செலவு சில சமயம் வண்டி விலையையே தொட்டுவிடும். மற்ற மாநிலங்களில் தகராறு சேஸிஸ் எண்ணில் வரும். பிஎன்ஆர்34 என்று தொடங்கி ஒரு கோடும் 6 இலக்கமுமாக முடியும் எண்ணை, எழுத்தும் எண்ணுமாக 17 இடம் எதிர்பார்க்கும் கணினி ஏற்காது. முத்திரை விழுந்த எச்எஸ்-7, சுங்க நுழைவுப் படிவமான 7501, ஏற்றுமதிச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு மூன்றையும் அசலாகக் கொண்டுபோய், கையால் பதிவு செய்யும் அதிகாரியைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸையும் ஏலத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். சேஸிஸ் எண்ணைச் சொன்னதும் போனை வைத்துவிடும் நிறுவனங்கள் நிறைய உண்டு. பழைய கார்களுக்கென்றே பாலிசி தருபவர்களிடம் போங்கள்.