குட்டை லைன்-அப்புக்கு எதிரே சென்டர் சுவிட்ச் செய்யும் முறை

கூடைப்பந்தில் எதிரணியார் ஒருவர் உடலால் வழி மறிப்பது ஸ்கிரீன்; அப்போது இரு தடுப்பாளர்கள் ஆள் மாற்றிக்கொள்வது சுவிட்ச். கார்டின் (பந்தை நடத்தும் சின்னவர்) வேகத்தால் சுவிட்ச் கெடுவது குறைவு. சென்டர் (கூடையருகே ஆடும் நெட்டையர்) இரண்டு எட்டு தாமதமாக வெளியே வருவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

ஸ்கிரீன் வைக்கப் போகிறவரைக் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே நீங்களும் ஏறி வாருங்கள். பெயின்ட்டில் (கூடைக்கு முன்னுள்ள கட்டம்) தங்கிவிட்டு அப்புறம் ஓடி வந்தால், ஸ்கிரீனைத் தாண்டிய நொடியே பந்து வைத்திருப்பவர் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து நிதானமாக ஷாட் எடுப்பார். "சுவிட்ச்" என்று கத்த வேண்டியதும் நீங்களே, அதுவும் உடல்கள் உரசுவதற்கு முன்பே. ஸ்கிரீன் உங்கள் கார்டின் முதுகுப் பக்கம் வருவதால் அவருக்கு அது தெரியாது. பிறகு பந்தை நோக்கி நேராக ஏறுங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் இருவருக்கும் நடுவே சந்து விழும். ஸ்கிரீன் வைத்தவர் அதில் நழுவிக் கூடைக்குக் கீழே போய்விடுவார்.

இனி நீங்களும் பந்து வைத்திருக்கும் எதிரணிக் கார்டும் நேருக்கு நேர். ஒரு கை இடைவெளி விட்டு, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். முதலில் மறிக்க வேண்டியது மூன்று புள்ளி ஷாட்டை. டிரைவை (பந்தோடு கூடையை நோக்கிப் பாய்வதை) முழுதாக அடைக்கப் பார்க்காதீர்கள். உதவிக்கு உங்கள் ஆள் இருக்கும் பக்கமாகத் திருப்பிவிட்டால் போதும். அவர் கால் தரையை விட்டு எழும்வரை நீங்கள் குதிக்கவே கூடாது. பம்ப் ஃபேக்குக்கு (ஷாட் எடுப்பதுபோல் பாசாங்கு) குதித்து ஃபவுல் வாங்குவதுதான் நெட்டையர்களின் தீராத நோய். 2016 என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் கிளீவ்லேண்டின் நெட்டையர் கெவின் லவ், கோல்டன் ஸ்டேட் கார்டு ஸ்டெஃபன் கரியிடம் மாட்டிக்கொண்டார். கரி பல முறை திசை மாற்றியும் லவ் பாயவில்லை, கால்களை நகர்த்திக்கொண்டே முன்னால் நின்றார். கரியின் ஷாட் தவறியது. கிளீவ்லேண்ட் 93-89 என வென்றது.

பின்னால் உங்கள் கார்டு உயரமானவரிடம் சிக்கியிருப்பார். அவர் உடனே எதிராளிக்கும் பந்துக்கும் நடுவே புகுந்து நிற்க வேண்டும். பாஸ் வருவதற்கு முன்பே, அருகிலுள்ள விங் (பக்கவாட்டில் ஆடுபவர்) உள்ளே வந்து அந்த உயரமானவரை ஏற்றுக்கொண்டு, கார்டை வெளியே அனுப்ப வேண்டும். ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) அந்தச் சின்னவர்களின் வேலைதான், நீங்கள் ஆறு மீட்டர் தள்ளி நிற்கிறீர்களே! பாக்ஸ்-அவுட் (எதிராளியை உடலால் மறித்து நிற்பது) தவறி எதிரணி பந்தை எடுத்தால் ஷாட் எடுக்க அவர்களுக்குப் புதிதாக 14 விநாடி கிடைக்கும்.

எதிர்ச் சென்டர் வெளியிலிருந்து போடத் தெரியாதவர், பந்து வைத்திருப்பவரும் டிரிபிளிலிருந்து (பந்தைத் தரையில் தட்டிச் செல்வது) நேரே ஷாட் எடுக்காதவர் என்றால் சுவிட்ச் தேவையில்லை, பெயின்ட்டிலேயே காத்திருங்கள். ஆனால் ஐந்து பேரும் ஷூட்டர்கள் என்றால், சென்டரைக் கார்னரில் (மைதான மூலையில் நிற்கும் ஷூட்டரிடம்) ஒளித்துவைப்பது ஆபத்து. 2021 என்பிஏ பிளேஆஃபில் யூட்டா, கிளிப்பர்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளி முன்னிலையை இழந்தது; கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மேன் 39 புள்ளிகள் குவித்தார். பழி முழுவதும் யூட்டா சென்டர் கோபேர் மேல் விழுந்தது நியாயமில்லை. வெளியே கார்டுகள் டிரைவை விட்டுக்கொண்டே இருந்தால், சென்டர் கூடையைக் காக்க ஓடத்தான் வேண்டும், கார்னர் திறக்கத்தான் செய்யும்.

பயிற்சிக்கு: உச்சியில் ஒரு கார்டு, ஒரு சென்டர். மூன்று டிரிபிள், ஐந்து விநாடி. இரண்டு பக்கமும் ஆறு முறை. சென்டர் முதலில் குதித்தால் அந்த முறை கணக்கில் சேராது.